வளர்ச்சித் தாமதமுடைய இளஞ்சிறார்க்கான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவைகள்: தகுதி வரையறையும் விழுக்காட்டு அளவுகோலும்

ஆய்வுச் சுருக்கம்

பிறப்பு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் காணப்படும் வளர்ச்சித் தாமதத்தை விரைவில் இனங்கண்டு, உரிய பயிற்சியும் மருத்துவமும் குடும்பத்திற்கான வழிகாட்டுதலும் வழங்குவது ஆரம்பநிலை இடையீடு எனப்படுகிறது. இச்சேவையைப் பெறுவதற்குரிய குழந்தை யார் என்பதை ஒவ்வொரு நாடும் தனக்கெனச் சில அளவுகோல்களைக் கொண்டு தீர்மானிக்கிறது. இக்கட்டுரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் கல்விச் சட்டத்தின் ‘சி’ பகுதியையும், இந்தியாவின் தேசிய சிறார் நலத்திட்டம், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் தகுதி வரையறுக்கப்படும் முறையை விளக்குகிறது. இந்தியாவில் சேவைக்கான நுழைவு தாமதத்தின் அடிப்படையிலும், அதனோடு இணைந்த உதவிகளுக்கான நுழைவு 40 விழுக்காட்டுச் சான்றின் அடிப்படையிலும் அமைந்துள்ளன. இவ்விரு அளவுகோல்களுக்கும் இடைப்பட்ட குழந்தைகளின் நிலை என்ன என்பதே கட்டுரையின் மையக் கேள்வி.

திறவுச்சொற்கள்: வளர்ச்சித் தாமதம், ஆரம்பநிலை இடையீடு, தகுதி, வளர்ச்சி ஈவு, அடிப்படை ஊனம், திருத்திய வயது.

முன்னுரை

குழந்தை எந்தத் திங்களில் எதைச் செய்யும் என்ற கணக்கு தமிழர்க்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் பாட்டியல் நூல்கள் திங்கள் வரிசையிலேயே அமைக்கின்றன. ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் சப்பாணி, பதின்மூன்றாம் திங்களில் வருகை என அம்மரபு செல்லும். தலை நிற்றல், குப்புற விழுதல், தவழ்தல், தளர்நடை என வீட்டுப் பெண்கள் வழங்கும் சொற்களும் ஒரு வகையில் வளர்ச்சிப் படிநிலைகளின் பட்டியலே. ஆனால் இலக்கிய மரபும் வீட்டு வழக்கும் ஒரு பருவம் பிந்தும் குழந்தையைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தில் இல்லை. இன்றைய நலவாழ்வு நிர்வாகத்திற்கு அக்கட்டாயம் உண்டு. எவ்வளவு பிந்தினால் அது தாமதம், எவ்வளவு தாமதித்தால் அரசு உதவ வேண்டும் என்ற இரு கேள்விகளுக்கு அது எண்களில் விடை சொல்ல வேண்டியுள்ளது.

அவ்விடை ஒரு குழந்தையின் வாழ்வில் பெரிய மாறுதலை உண்டாக்க வல்லது. மூளை வளர்ச்சி மிக விரைவாக நிகழும் காலம் முதல் மூன்று ஆண்டுகள். செவித்திறன் குறைபாட்டை எடுத்துக்கொண்டால், முதல் திங்களுக்குள் பரிசோதனை, மூன்றாம் திங்களுக்குள் உறுதிப்படுத்தல், ஆறாம் திங்களுக்குள் இடையீடு என்பது பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட நெறி. இந்நெறியில் ஆண்டுகள் அல்ல, திங்கள்களே அலகு. ஆகவே தகுதி வரையறை பற்றிய ஆய்வு வெறும் சட்டச் சொல்லாய்வாக நின்றுவிடாமல், காலத்தைப் பற்றிய ஆய்வாகவும் அமைய வேண்டும்.

1. வளர்ச்சித் தாமதம்: சொல்லும் பொருளும்

வளர்ச்சித் தாமதம் என்பது ஒரு நோயின் பெயரன்று. வயதிற்கு எதிர்பார்க்கப்படும் திறன்களை ஒரு குழந்தை உரிய காலத்தில் அடையாத நிலையை அது குறிக்கிறது. உடலியக்கம், அறிதிறன், மொழியும் கருத்துப்புலப்பாடும், சமூக உணர்வு, அன்றாடத் தகவமைவு ஆகிய ஐந்து புலங்களில் இது பொதுவாக ஆராயப்படுகிறது. ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தையிடம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட புலங்களில் குறிப்பிடத்தக்க தாமதம் இருப்பின் அதனை ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்பர்.

‘தாமதம்’ என்ற சொல்லில் ஒரு நம்பிக்கையும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே உள்ளன. தாமதமாகப் புறப்பட்டவர் வந்து சேர்ந்துவிடுவார் என்ற பொருள் அதில் தொக்கி நிற்கிறது. உண்மையில் சில குழந்தைகள் இடையீட்டின் துணையோடு வயதிற்கேற்ற நிலையை எய்துகின்றனர். சிலரிடம் அத்தாமதமே பின்னாளில் அறிவுசார் குறைபாடாகவோ, மூளை முடக்குவாதமாகவோ, தன்முனைப்புக் குறைபாடான ஆட்டிசமாகவோ தெளிவடைகிறது. இரண்டில் எது நிகழும் என்பதை ஒரு வயதில் முடிந்த முடிபாகச் சொல்ல இயலாத நேர்வுகள் பல. ‘ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்’, ‘இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்’ என்று குடும்பங்கள் காத்திருப்பதற்கும் இந்த உறுதியின்மையே இடமளிக்கிறது. நோய் உறுதியான பின்னர்தான் உதவி என்ற நெறி இத்தகைய நிலைக்குப் பொருந்தாது. எனவேதான் ‘தாமதம்’ என்பதையே சேவைக்குப் போதுமான காரணமாக ஏற்கும் சட்டங்கள் தோன்றின.

‘தகுதி’ என்ற சொல்லும் இங்குக் கருதத்தக்கது. தமிழில் அது பெரிதும் மேன்மையைக் குறிக்கும் சொல். சேவைத் தகுதியிலோ குழந்தையால் எது இயலவில்லை என்பதே எண்ணப்படுகிறது. தம் குழந்தையிடம் முன்னேற்றத்தைத் தேடும் பெற்றோர், மதிப்பீட்டு நாளில் மட்டும் அதன் இயலாமையை நிறுவ வேண்டிய நிலைக்கு ஆளாகின்றனர்.

2. தாமதத்தை அளக்கும் முறைகள்

தகுதியைத் தீர்மானிக்க மூன்று முறைகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது விழுக்காட்டு முறை. குழந்தையின் திறன் எந்த வயதிற்குரியது என்பதைக் கண்டு, அதை உண்மை வயதோடு ஒப்பிடுவர். 12 திங்கள் நிறைந்த குழந்தை 9 திங்கள் குழந்தைக்குரிய திறனைக் காட்டினால் தாமதம் 25 விழுக்காடு. பெற்றோர்க்கு விளக்க எளிதான முறை இது. ஆயினும் ஒரே விழுக்காடு எல்லா வயதிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. 12 திங்களில் 25 விழுக்காடு என்பது 3 திங்கள் இடைவெளி. 32 திங்களில் அதுவே 8 திங்கள் இடைவெளி. இவ்விரு இடைவெளிகளும் அந்தந்த வயதுக் குழந்தைகளிடையே சம அளவில் அரிதானவை எனக் கொள்ள இயலாது.

இரண்டாவது திட்ட விலக்க முறை. தரப்படுத்தப்பட்ட சோதனையில் குழந்தை பெறும் மதிப்பெண் அவ்வயதுக் குழந்தைகளின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை இது நோக்குகிறது. சராசரி 100, திட்ட விலக்கம் 15 எனக் கொண்டால், இரண்டு திட்ட விலக்கம் கீழே என்பது 70. இயல்நிலைப் பரவலில் இதற்குக் கீழ் அமைவோர் ஏறத்தாழ 2.3 விழுக்காட்டினர். எல்லையை ஒன்றரைத் திட்ட விலக்கமாக உயர்த்தினால் ஏறத்தாழ 6.7 விழுக்காட்டினர் உள்ளடங்குவர். அரை விலக்க மாற்றம் தகுதி பெறுவோர் தொகையை ஏறக்குறைய மும்மடங்காக்குகிறது. எல்லைக்கோட்டை நகர்த்துவது எவ்வளவு பெரிய கொள்கை முடிவு என்பதை இது உணர்த்தும்.

மூன்றாவது தேர்ந்த வல்லுநர் கருத்து. சோதனைக்குள் அடங்காத தாமதங்களைப் பயிற்சி பெற்ற வல்லுநர் தம் நோக்கீட்டாலும் பெற்றோரின் கூற்றாலும் மதிப்பிடுவது இது. மிகச் சிறு வயதில் சோதனைக் கருவிகளின் துல்லியம் குறைவு என்பதால் இம்முறை தேவைப்படுகிறது.

இந்தியச் சூழலில் பயன்படும் கருவிகளுள் சில இங்குக் குறிப்பிடத்தக்கவை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய திருவனந்தபுரம் வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணை 17 கூறுகளைக் கொண்டது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளைச் சில நிமிடங்களில் பரிசோதிக்கக் களப்பணியாளர்க்கு உதவுவது. பேலி அளவுகோலைத் தழுவிப் பரோடாவில் பிரமிளா பாடக் முயற்சியில் உருவான இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி மதிப்பீட்டு அளவுகோல் 30 திங்கள் வரையிலான குழந்தைகளுக்கு உரியது. 67 இயக்கக் கூறுகளையும் 163 மனத்திறன் கூறுகளையும் உடையது. முன்னது வடிகட்டும் கருவி. பின்னது அளக்கும் கருவி. வடிகட்டும் கருவியின் முடிவை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதும், அளக்கும் கருவிக்காக வடிகட்டலைத் தள்ளிப்போடுவதும் களத்தில் நேரும் இரு பிழைகள்.

இவற்றோடு திருத்திய வயது என்னும் கருத்தும் இன்றியமையாதது. 32 வாரத்தில் பிறந்த குழந்தை நிறைகாலமான 40 வாரத்தைவிட 8 வாரம் முந்திப் பிறந்ததாகும். அது பிறந்து 10 திங்கள் ஆகும்போது அதன் திருத்திய வயது ஏறத்தாழ 8 திங்கள். எட்டுத் திங்களுக்குரிய திறன் அதனிடம் இருந்தால் திருத்திய வயதின்படி தாமதம் ஏதுமில்லை. திருத்தாத வயதின்படி 20 விழுக்காடு தாமதம். பொதுவாக இரண்டு வயது வரை இத்திருத்தம் செய்யப்படுகிறது. பிறப்பு வாரம் பதிவேட்டில் இல்லையெனில் இக்கணக்கே இயலாது போகும்.

3. அமெரிக்கச் சட்டத்தில் தகுதி

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி வயது மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கல்வி உரிமையை வழங்கியது. 1986-இல் இயற்றப்பட்ட திருத்தம் பிறப்பு முதல் மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்கான ஆரம்பநிலை இடையீட்டுத் திட்டத்தைச் சேர்த்தது. 1997-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அது ‘சி’ பகுதி என வழங்குகிறது.

இச்சட்டம் தகுதிக்கு மூன்று வழிகளைத் திறக்கிறது. ஐந்து புலங்களுள் ஒன்றிலோ பலவற்றிலோ தாமதம் இருப்பது முதல் வழி. தாமதத்தை விளைவிக்கும் வாய்ப்பு மிகுந்ததாக உறுதி செய்யப்பட்ட உடல், மன நிலை இருப்பது இரண்டாவது வழி. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தை இவ்வழியில், தாமதம் வெளிப்படும் முன்னரே தகுதி பெறுகிறது. இடையீடு இன்றேல் தாமதம் ஏற்படும் இடருடைய குழந்தை என்பது மூன்றாவது வழி; இதனை ஏற்பதும் விடுவதும் மாநிலங்களின் விருப்பம்.

எவ்வளவு தாமதம் என்பதையும் மாநிலங்களே வரையறுக்கின்றன. பென்சில்வேனியாவில் ஒரு புலத்தில் 25 விழுக்காடு தாமதம் அல்லது ஒன்றரைத் திட்ட விலக்கம் போதுமானது. நியூயார்க்கில் ஒரு புலத்தில் 12 திங்கள் அல்லது 33 விழுக்காடு தாமதம், இரு புலங்களில் தலா 25 விழுக்காடு, அல்லது அவற்றிற்கு இணையான திட்ட விலக்கங்கள் என்பது பொது விதி. அரிசோனாவில் 50 விழுக்காடு. ஆகவே ஒரே குழந்தை ஒரு மாநிலத்தில் தகுதி பெற்று, குடிபெயர்ந்த பின் மற்றொரு மாநிலத்தில் தகுதி இழக்கக்கூடும். நிதிநிலையும் இவ்வரையறையை நகர்த்தியுள்ளது. கலிபோர்னியா 2009-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் தகுதியைச் சுருக்கி, 2015-இல் மீண்டும் விரித்தமை இதற்குச் சான்று. இவ்வாண்டுகளில் மாறியது குழந்தைகளின் தேவையன்று, கருவூலத்தின் நிலையே.

இக்குறைகளுக்கிடையிலும் அச்சட்டத்தில் கருதத்தக்க கூறுகள் மூன்று உள்ளன. முதலாவது, காலவரையறை. குழந்தை பரிந்துரைக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குள் மதிப்பீடும் குடும்பத்திற்கான சேவைத் திட்டத்தை வகுக்கும் முதல் கூட்டமும் நிகழ வேண்டும். இரண்டாவது, எண்ணுக்கு அப்பாற்பட்ட வழி. சோதனை மதிப்பெண் தகுதியைக் காட்டாவிடினும் தேர்ந்த வல்லுநர் கருத்தைக் கொண்டு தகுதி வழங்கலாம்; ஆனால் சோதனை காட்டிய தகுதியை அக்கருத்தைக் கொண்டு மறுக்க இயலாது. மூன்றாவது, முறையீட்டு உரிமை. தகுதி மறுக்கப்பட்டால் எழுத்துவழி அறிவிப்பைப் பெறவும், சமரசத்தையோ விசாரணையையோ கோரவும் பெற்றோர்க்கு வழியுண்டு.

4. இந்தியாவில் திட்டவழித் தகுதி

இந்திய அரசு 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் எனும் தேசிய சிறார் நலத்திட்டத்தைத் தொடங்கியது. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் பிறவிக் குறைகள், ஊட்டக் குறைவுகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என்னும் நான்கு வகைப்பாட்டில் 30 நிலைகளை இனங்காண்பது அதன் நோக்கம். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, நரம்புத்தசை இயக்கக் குறைபாடு, இயக்கத் தாமதம், அறிதிறன் தாமதம், மொழித் தாமதம், ஆட்டிசம் உள்ளிட்ட நடத்தைக் கோளாறு, கற்றல் குறைபாடு, கவனக்குறைவு மிகைச்செயல்பாடு ஆகியன வளர்ச்சித் தாமதப் பிரிவில் அடங்குகின்றன.

பரிசோதனை மூன்று இடங்களில் நிகழ்கிறது. மகப்பேறு நிகழும் மருத்துவமனையில் பிறந்த குழந்தை பரிசோதிக்கப்படுகிறது. ஆறு வாரம் வரை வீட்டிற்கு வரும் களப்பணியாளர் பார்க்கிறார். தமிழகத்தின் பெரும்பகுதியில் இப்பொறுப்பு கிராம சுகாதாரச் செவிலியரைச் சார்ந்தது. ஆறு வாரம் முதல் ஆறு வயது வரை நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடியில் ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கிறது. அதன்பின் பள்ளியில் ஆண்டுக்கொருமுறை. ஐயத்திற்குரிய குழந்தை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படுகிறது. குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் முதலியோர் ஓரிடத்தில் இருந்து பணியாற்றுவது இம்மையத்தின் அமைப்பு.

இத்திட்டத்தில் தகுதி மிக விரிவானது. குறிப்பிட்ட விழுக்காட்டுத் தாமதம் வேண்டும் என்ற நிபந்தனையோ ஊனச் சான்றோ தேவையில்லை. ஐயம் எழுந்ததே பரிந்துரைக்குப் போதுமானது. இது இந்திய அமைப்பின் வலிமை. எனினும் இது திட்டமே தவிர, பெற்றோர் கோரிப் பெறத்தக்க சட்ட உரிமையன்று. பரிந்துரைக்கும் மதிப்பீட்டுக்கும் இடையே சட்டத்தால் வரையறுத்த காலக்கெடு இல்லை. பரிசோதனைகளின் இடைவெளியும் கருதத்தக்கது. ஆண்டுக்கு இருமுறை என்பதன் பொருள், ஒரு வருகையில் விடுபட்ட குழந்தை அடுத்த வருகைக்கு ஏறத்தாழ ஆறு திங்கள் காத்திருக்க வேண்டும் என்பது. 20 திங்கள் குழந்தைக்கு அது வாழ்நாளில் 30 விழுக்காடு. மேலும் மூன்று வயதிற்கு உட்பட்டோர் அங்கன்வாடிக்கு நாள்தோறும் வருவோர் அல்லர். இணை உணவு பெறவும் எடை பார்க்கவும் மட்டுமே பெரும்பாலும் கொண்டுவரப்படுகின்றனர். குழுவின் வருகை நாளில் குழந்தையும் அங்கிருக்க வேண்டும் என்பது எழுதப்படாத தகுதியாக அமைந்துவிடுகிறது.

5. சான்றுவழித் தகுதி

சேவை மையத்தின் கதவு சான்றின்றித் திறந்தாலும், அங்குத் தொடர்ந்து செல்வதற்கு வேண்டிய துணைகள் பலவற்றிற்குச் சான்று தேவைப்படுகிறது. பராமரிப்பு உதவித்தொகை, பயணச் சலுகை, வருமானவரிக் கழிவு போன்றவை இவ்வகையின. நாள்கூலி இழந்து பேருந்தில் குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாய்க்கு இத்துணைகள் சேவையிலிருந்து பிரித்தறியத்தக்கவை அல்ல.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் இயற்றப்பட்டு 19.04.2017 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணை 21 வகை ஊனங்களைக் குறிப்பிடுகிறது. வளர்ச்சித் தாமதம் அவற்றுள் ஒன்றன்று. மாற்றுத்திறனாளி என்பதை இச்சட்டம் இருநிலையில் வரையறுக்கிறது. நீண்டகாலக் குறைபாட்டினால், சமூகத் தடைகளோடு சேர்ந்து, பிறரோடு சமமாகப் பங்கேற்க இயலாதவர் என்பது பொது வரையறை. குறிப்பிட்ட ஊனம் 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றளிக்கப்பட்டவர் ‘அடிப்படை ஊனமுடையவர்’ என்பது சிறப்பு வரையறை. பாகுபாட்டிலிருந்து காக்கும் உரிமைகள் முன்னதையும், பயன்கள் பெரிதும் பின்னதையும் சார்ந்தவை. 40 விழுக்காடு என்னும் எல்லை 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தொடர்வது.

விழுக்காட்டைக் கணக்கிடும் முறையை 2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டிகள் வகுத்தன. இவை 2024-இல் திருத்தப்பட்டன. இங்கு 2018-ஆம் ஆண்டு வழிகாட்டிகளின் தருக்கமே ஆராயப்படுகிறது. அவற்றின்படி அறிவுசார் குறைபாட்டிற்கான சான்று பெறக் குறைந்த அளவு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயது வரை ‘ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்’ என்றே குறிக்க வேண்டும், அச்சான்றும் தற்காலிகமானது. வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவுகோலின் ஈவு ஊன விழுக்காடாக மாற்றப்படுகிறது. ஈவு 20 வரை 100 விழுக்காடு. 21 முதல் 35 வரை 90. 36 முதல் 54 வரை 75. 55 முதல் 69 வரை 50. 70 முதல் 84 வரை 25 விழுக்காடு. இப்படிநிலையில் 25-க்கும் 50-க்கும் இடையே எந்த எண்ணும் இல்லை என்பதை நோக்குதல் வேண்டும். 40 என்னும் சட்ட எல்லை அவ்வெற்றிடத்திற்குள் விழுகிறது.

6. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

மேற்கண்டவற்றை விளக்க, 20 திங்கள் நிறைந்த குழந்தை ஒன்றைக் கற்பனையாகக் கொள்வோம். அதன் சமூக, தகவமைவுத் திறன் 14 திங்களுக்குரியது. பிற புலங்களில் தாமதம் இல்லை.

தாமதம் 6 திங்கள், அதாவது 30 விழுக்காடு. பென்சில்வேனியாவில் அது 25-ஐக் கடந்ததால் குழந்தை தகுதி பெறும். நியூயார்க்கில் ஒரு புலத்திற்கான 33 விழுக்காட்டை எட்டாததால் அக்கணக்கில் தகுதி பெறாது. அரிசோனாவின் 50 விழுக்காடு வெகு தொலைவு. இந்தியாவில் மாவட்ட மையத்திற்கு இக்குழந்தையைத் தடையின்றிப் பரிந்துரைக்கலாம்.

சான்றுக்கு வரும்போது சமூக முதிர்ச்சி ஈவு 14-ஐ 20-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கக் கிடைப்பது 70. வழிகாட்டியின்படி ஊனம் 25 விழுக்காடு. குழந்தை அடிப்படை ஊனமுடையதன்று. அதே குழந்தையின் சமூக வயது 14-க்கு மாறாக 13.8 திங்கள் எனில் ஈவு 69. ஊனம் 50 விழுக்காடு. 0.2 திங்கள் என்பது ஆறு நாள். அவ்வாறு நாள் வேறுபாடு ஊன விழுக்காட்டை இருமடங்காக்குகிறது. எந்த அளவுகோலும் ஒரு சிறு குழந்தையை ஆறு நாள் நுட்பத்தில் அளக்கவல்லதன்று. குழந்தை அன்று உறங்கியெழுந்ததா, பசித்திருந்ததா, மதிப்பீட்டாளரிடம் அஞ்சியதா என்பவையே அவ்வேறுபாட்டைத் தோற்றுவிக்கப் போதும்.

இவ்விடத்தில் ஒரு சொற்குழப்பத்தையும் நீக்குதல் வேண்டும். தாமத விழுக்காடும் ஊன விழுக்காடும் ஒன்றல்ல. மேற்கண்ட குழந்தைக்குத் தாமதம் 30 விழுக்காடு, ஊனம் 25 விழுக்காடு. முன்னது வயதோடு ஒப்பிட்டுப் பெற்ற விகிதம். பின்னது ஓர் அட்டவணை வழங்கிய நிர்வாக எண். ‘30 விழுக்காடு தாமதம்’ என்று கேட்ட பெற்றோர் ‘இன்னும் 10 கூடினால் சான்று கிடைக்கும்’ என எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் தவறென விளக்குவது மையப் பணியாளரின் கடமைகளுள் ஒன்று.

7. ஆறு வயதுக்கு முற்பட்ட சட்ட வெற்றிடம்

இந்திய அரசமைப்பின் 21-ஏ உறுப்பு 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்டோர் பராமரிப்பும் கல்வியும் 45-ஆம் உறுப்பில் வழிகாட்டு நெறியாக நிற்கின்றன. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவும் அடிப்படை ஊனமுடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரையே இலவசக் கல்வி உரிமையைத் தருகிறது. இடையீடு மிகுந்த பயன் தரும் காலத்தில் சட்ட உரிமை மிகக் குறைவாக உள்ளது என்பதே இதன் பொருள்.

எனினும் அச்சட்டத்தின் 25-ஆம் பிரிவு, இடருடைய குழந்தைகளை இனங்காண எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்குமாறு அரசுகளைப் பணிக்கிறது. இங்கு வயது வரம்போ விழுக்காடோ இல்லை. இந்தியா 2007-இல் ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 25, 26-ஆம் உறுப்புகளும் விரைந்து இனங்காணுதலையும் கூடுமானவரை முற்பட்ட நிலையிலேயே இடையீட்டைத் தொடங்குதலையும் வலியுறுத்துகின்றன. இனங்காணும் கடமை சட்டத்தில் உள்ளது. இனங்கண்ட பின் சேவை வழங்கும் கடமைதான் அதே தெளிவோடு எழுதப்படவில்லை. ‘நீண்டகாலக் குறைபாடு’ என்ற பொது வரையறையின் சொல்லும் இங்குத் தடையாகிறது. தாமதம் நீண்டகாலத்தது ஆகிவிடாமல் தடுப்பதற்கே இடையீடு என்னும்போது, நீண்டகாலத்தது என நிறுவியபின் வரும் உரிமையால் இளங்குழந்தைக்கு விளையும் பயன் குறைவு.

8. தமிழகச் சூழல்

தமிழகத்தில் இத்துறைக்கு நீண்ட பின்புலம் உண்டு. சென்னையில் 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தின் ‘உபநயன்’ திட்டம், முட்டுக்காட்டில் இயங்கும் பல்வகைத் திறன் குறைந்தோர் மேம்பாட்டிற்கான தேசிய நிறுவனம், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியிலுள்ள அமர் சேவா சங்கத்தின் கிராமப்புறப் பணி ஆகியன அறியப்பட்டவை. 2021 ஜூனில் ஒன்றிய அரசு நாடெங்கும் தொடங்கிய 14 பல்வகை ஊன ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுள் சென்னையும் இடம்பெற்றது. பெற்றோரையே முதன்மைப் பயிற்சியாளராகக் கொண்டு, குளிப்பாட்டல், உணவூட்டல், விளையாட்டு ஆகிய அன்றாடச் செயல்களின் ஊடே பயிற்சியைப் பொதிந்து வைப்பது இத்தகைய பணிகளின் பொது இயல்பு.

தமிழாய்வாளர் பங்களிக்கத்தக்க களம் இங்கே விரிகிறது. மொழித் தாமதத்தை அளக்கும் வினாக்கள் ஆங்கிலச் சொற்றொடர் வளர்ச்சியை அடியொற்றி அமைந்தால் தமிழ்க் குழந்தைக்குப் பொருந்தா. ஆங்கிலத்தில் இரு சொற்களை இணைப்பது ஒரு படிநிலை. தமிழில் ‘வேணாம்’, ‘குடுங்க’ போன்ற ஒற்றைச் சொல்லே மறுப்பையும், வேண்டுகோளையும், மரியாதையையும் ஏற்று நிற்கிறது. சொற்களை மட்டும் எண்ணினால் ஒட்டுகளில் நிகழும் வளர்ச்சி கணக்கில் வராமல் போகும். வட்டார வழக்குகளும் இருமொழிச் சூழலும் இச்சிக்கலை மிகுவிக்கின்றன. வீட்டில் தெலுங்கோ உருதுவோ சௌராட்டிரமோ பேசும் குழந்தையைத் தமிழ் வினாக்களால் மட்டும் அளந்து தாமதம் என முடிவு செய்வதும், இருமொழிச் சூழலே காரணம் என ஒதுக்கி உண்மைத் தாமதத்தைத் தவறவிடுவதும் சமமான தவறுகள். வீட்டுப் பெண்கள் வழங்கும் வளர்ச்சிச் சொற்களைத் தொகுத்து, அவை எத்திங்களைக் குறிக்கின்றன என வட்டாரந்தோறும் ஆராய்வது பரிசோதனை வினாக்களைச் செம்மைப்படுத்த உதவும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. தகுதி எல்லை இயற்கையில் உள்ள கோடன்று. அளக்கும் முறை, நிதிநிலை, நிர்வாக வசதி ஆகியவற்றால் வரையப்படுவது. அமெரிக்க மாநிலங்களுக்கிடையிலான வேறுபாடும், இந்திய வழிகாட்டியில் 25-க்கும் 50-க்கும் இடையிலான வெற்றிடமும் இதனை மெய்ப்பிக்கின்றன.

2. இந்தியாவில் சேவை நுழைவு விரிந்தும், துணை உதவிகளின் நுழைவு குறுகியும் உள்ளன. ஈவு 70-க்கும் 84-க்கும் இடைப்பட்ட குழந்தை மையத்திற்கு வரலாம். வந்து செல்வதற்கான துணை அதற்குக் கிட்டாது. ஆறு வயது வரையேனும், மாவட்ட மையத்தின் தாமதப் பதிவையே பயணச் சலுகைக்கும் பராமரிப்பு உதவிக்கும் போதுமான ஆவணமாக ஏற்பது இவ்விடைவெளியைக் குறைக்கும். தாமதம் நீங்கியதும் அப்பதிவு முடிவுறும் என்பதால் நிரந்தர முத்திரை குத்தும் அச்சமும் எழாது.

3. அமெரிக்கச் சட்டத்திலிருந்து கொள்ளத்தக்கது அதன் விழுக்காடுகள் அல்ல. 45 நாள் காலவரையறையும், எண்ணைத் திருத்தும் வல்லுநர் கருத்தும், முறையீட்டு உரிமையுமே ஆகும்.

4. பிறப்பு வாரத்தைத் தாய்சேய் நல அட்டையில் தவறாது பதிவதும், இரண்டு வயது வரை திருத்திய வயதைக் கொண்டு மதிப்பிடுவதும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை.

5. தமிழ் மொழிப் பேற்றின் படிநிலைகளை அடிப்படையாகக் கொண்ட பரிசோதனை வினாக்கள் தேவை. மொழியியலாளரும் குழந்தை மருத்துவரும் இணைந்தே இதனைச் செய்ய இயலும்.

சான்று பிந்தினால் மறு ஆண்டு பெறலாம். இரண்டாம் வயதில் தொடங்கியிருக்க வேண்டிய பயிற்சி ஐந்தாம் வயதில் தொடங்கும்போது, இடைப்பட்ட ஆண்டுகளை எந்த அலுவலகமும் திருப்பித்தர இயலாது. எனவே தகுதி விதிகளை வகுப்போர் யாரை விலக்குவது என்பதைவிட, ஐயத்திற்குரிய குழந்தை எத்தனை நாளில் சேவையைச் சென்றடைகிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.